மூணு பெடல்... ரெண்டு கால்...

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்னு வழக்கமான காரணத்தையே சொல்லிடலாம். ஆனா உண்மையான காரணம் வேற. நாலு மாசமா கிடைச்ச சனி ஞாயிறை எல்லாம் கால் வேலைக்கே குடுத்தாச்சு. கால் வேலைன்னதும் பரதநாட்டியம்னு நினைச்சுடாதீங்க மக்களே, இது கார் ஓட்டும்போது பாதத்தால பண்ற வேலை. ரேஸ் ஓட்டுறவங்களும் ராலி ஓட்டுறவங்களும் பண்ணுவாங்களே, அது. 45 வயசுல இது தேவையான்னு கேக்காதீங்க, அதை வீட்ல தங்கமணி தினமும் காப்பியோட சேர்த்துக் கேட்டுட்டுத்தான் இருக்காங்க.

"இருவது வருசமா கார் ஓட்றீங்க. இப்பத்தான் பிரேக் எங்க இருக்குன்னு கத்துக்கறீங்களா?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அதான் பதிவாப் போட்டுடலாம்னு.

டிஸ்கி: இது எதையும் ரோட்ல பண்ணிப் பாக்காதீங்க. காலி மைதானமோ டிராக்கோ இருந்தா மட்டும். பக்கத்துல தெரிஞ்சவங்க யாராவது இருக்கணும். அவ்ளோதான் அட்வைஸ், இனி பதிவுல வேற அட்வைஸ் கிடையாது :-)

கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பெடல் மூணு, கால் ரெண்டு. இடது கால் கிளட்ச்சுக்கு. வலது கால் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாத்தி மாத்தி. காய்கறி வாங்கப் போய்ட்டு வர இது தாராளமாப் போதும். ஆனா வேகமா வந்து ஒரு வளைவுக்கு முன்னாடி கடைசி நொடியில பிரேக் அடிக்கிறவனுக்குப் பத்தாது.

ஏன்னு பாப்போம். என்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு பழைய மாருதி எஸ்டீம். அது நாலாவது கியர்ல 60ல போகும்போது இன்ஜின் 2000 சொச்சம் சுத்தும். அதே வேகத்துல ரெண்டாவது கியர்னா 4000க்கு மேல சுத்தியாகணும். சும்மா கிளட்ச்சை மிதிச்சு, ரெண்டாவதைப் போட்டு, கிளட்ச்சை விட்டா என்ன ஆகும்? மெதுவாச் சுத்திட்டிருக்கிற இன்ஜினை சக்கரம்தான் இழுத்து வேகமாச் சுத்த வைக்கணும். அந்த ஒரு விநாடி வண்டி யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுத்த மாதிரி குலுங்கும். ஏற்கனவே பிரேக்ல திணறிட்டிருக்கிற டயருக்கு இது கூடுதல் சுமை. பின் சக்கரம் இழுக்குற வண்டியா இருந்தா பின்பக்கம் வழுக்கிட்டுத் திரும்பிடும். முன் சக்கர வண்டியில ஸ்டியரிங் திருப்பினாலும் மூக்கு திரும்பாம நேராப் போகும்.

அதனால கிளட்ச்சை விடுறதுக்கு முன்னாடியே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜினை 4000க்கு ஏத்தி வெச்சுடணும். நம்ம லாரிக்காரங்க பாஷையில "ஒரு ரேஸ் குடுக்கணும்". சிக்கல் எங்கன்னா, வலது கால் அப்ப பிரேக்ல இருக்கு. பிரேக்கை விடவும் கூடாது. ஆக, ஒரே பாதம் ரெண்டு வேலை பண்ணணும். கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற மேடு பிரேக்கை ஒரே அழுத்தத்துல புடிச்சுட்டே இருக்க, பாதத்தோட வலது ஓரம் சாய்ஞ்சு ஆக்சிலரேட்டரைத் தட்டணும். இதுக்குப் பேரு ஹீல் அண்ட் டோ. அதாவது குதிகாலும் கால்விரலும். பேர்லதான் குதிகால் இருக்கு, இன்னிக்கு இருக்கிற பெடல் அமைப்புல குதிகாலுக்குப் பெரிய வேலை இல்ல. 1950கள்ல ஓடின மாசராட்டி 250எஃப் மாதிரி பழைய ரேஸ் கார்கள்ல ஆக்சிலரேட்டர் நடுவுல இருக்கும், பிரேக் வலது பக்கம். அதுல எப்படி ஓட்டினாங்கன்னு யோசிச்சாலே எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்குது.

அயர்டன் சென்னா சுசூகா டிராக்ல ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டுற வீடியோவைப் பாக்காதவங்க தேடிப் பாருங்க. கேமரா அவர் காலைக் காட்டும். வெள்ளை சாக்ஸ், ஆபீசுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி ஒரு லோஃபர். மனுசன் காலு தையல் மிஷின் மாதிரி ஆடுது. மேல முகத்துல ஒரு சலனமும் இல்ல. அந்த வீடியோவைப் பாத்த ராத்திரிதான் எனக்கு இந்தப் பேய் பிடிச்சுது.

மொத ரெண்டு வாரம் இன்ஜினையே ஸ்டார்ட் பண்ணல. வீட்டு வாசல்ல நிறுத்தின வண்டியில உக்காந்து பெடலை மட்டும் மிதிச்சுட்டு இருப்பேன். போற வர்றவங்க எல்லாம் "வண்டி ஸ்டார்ட் ஆகலீங்களா, தள்ளி விடட்டுமா?"ன்னு கேட்டாங்க. கோயமுத்தூர்க்காரங்க ரொம்ப நல்லவங்க :-)

அப்புறம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ஒரு நாள் பயிற்சி. 2.1 கிலோமீட்டர் டிராக். ஃபார்முலா மாருதின்னு 800 இன்ஜினை வெச்சே ஒரு ரேஸ் காரை உருவாக்கி, நம்மூர்ப் பசங்க குறைஞ்ச செலவுல ரேஸ் ஓட்ட வழி பண்ணினவர் கரிவரதன். 1995ல விமான விபத்துல போய்ட்டார். 2003ல திறந்த இந்த டிராக்குக்கு அவர் பேரை வெச்சாங்க. நாராயண் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன்னுக்குப் போனாரே, அவரும் இந்த ஊர்தான். இந்த ஊர்ல ஒருத்தனுக்குக் கார்ப் பைத்தியம் பிடிச்சா அக்கம்பக்கம் யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க, வீட்டுக்காரங்களைத் தவிர.

எனக்குச் சொல்லிக் குடுத்த பையனுக்கு வயசு 26 இருக்கும். ராலி ஓட்டுறவர். மொத வேலையா என் ஷூவைக் கழட்டச் சொன்னார். மெத்து மெத்துனு வாக்கிங் ஷூ. "அண்ணா, இதப் போட்டா பிரேக் என்ன பேசுதுன்னே கேக்காதுங்கண்ணா." பள்ளிக்கூடத்துப் பசங்க போடுற தட்டை கேன்வாஸ் ஷூதான் லாயக்குன்னாங்க. அடுத்து, எஸ்டீம்ல ஆக்சிலரேட்டர் என் காலுக்குக் கொஞ்சம் தள்ளியும் தாழ்ந்தும் இருந்தது. லேத் பட்டறையில ஒரு சின்ன அலுமினியத் தகடு வெட்டி, பெடல் மேல போல்ட் போட்டு இறுக்கினோம். செலவு ஒரு மசால் ரோஸ்ட் காசு. பலன் அமோகம்.

பையன் என் காலைப் பாக்கவே இல்லைங்கறதுதான் விசேஷம். பக்கத்து சீட்ல உக்காந்து என் தலையைத்தான் பாத்துட்டு இருந்தார். "தலை ஆடுச்சுங்கண்ணா. ரேஸ் குடுக்கும்போது பிரேக்கை அரைக்கால்வாசி உட்டுட்டீங்க." சரியாச் சொல்லுவார். ரேஸ் குடுக்கிற அந்தக் கால் விநாடியில பிரேக் மேல இருக்கிற அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூளை ஒரே பாதத்தை ரெண்டாப் பிரிச்சு ஆளணும். தலையில ஒரு கையால தட்டிக்கிட்டே வயித்தை இன்னொரு கையால தடவுவோமே சின்ன வயசுல, அது மாதிரி. ஆனா அதை ஒரே கையால.

மத்தியானம் மூணு மணி சுமாருக்கு, நாலாவது வளைவோ அஞ்சாவதோ, ஒரே ஒரு தடவை சரியா விழுந்துச்சு பாருங்க. பிரேக், கிளட்ச், கியர், ஒரு "வ்ரூம்", கிளட்ச்சை விட்டேன். ஒண்ணுமே நடக்கல! குலுக்கல் இல்ல, இழுவை இல்ல, வெண்ணெயில கத்தி போன மாதிரி. பையன் ஒண்ணும் சொல்லல, கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காமிச்சார். அடுத்த எட்டு வளைவுல திரும்ப வரல. அவ்வ்வ்வ்.

இடது கால் பிரேக்கிங்னு இன்னொண்ணு. அதைச் சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா எனக்கு இன்னும் சரியா வரல. வலது கால் ஆக்சிலரேட்டர்ல இருக்கும்போதே இடது காலால பிரேக்கைத் தொடணும். முன் சக்கர வண்டி வளைவுல மூக்கு திரும்பாம அடம் பண்ணினா, இப்படித் தொட்டதும் பாரம் முன்னாடி வந்து மூக்கு உள்ள திரும்பும், பின்பக்கம் லேசா விலகிக் குடுக்கும். 1962லயும் 63லயும் சாப் 96ல மாண்டி கார்லோ ராலியை ஜெயிச்ச எரிக் கார்ல்சன் இதுல கில்லாடி. அந்த வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோட கலந்து வர்ற ஆயில்தான் இன்ஜினுக்கு எண்ணெய், அதனால ஆக்சிலரேட்டரை முழுசா விட்டுட்டு வேகமா உருண்டா இன்ஜினுக்கே ஆபத்து. தேவைதான் வித்தையைக் கத்துக் குடுத்திருக்கு. நம்ம இடது காலுக்கோ கிளட்ச்சை அடியோட மிதிக்க மட்டும்தான் தெரியும். 20 கிலோமீட்டர் வேகத்துல அது மொத தடவை பிரேக்கைத் தொட்டப்ப சீட் பெல்ட் மட்டும் இல்லைன்னா நான் போனட்ல உக்காந்திருப்பேன்.

மூணாவது வித்தை டபுள் டீகிளட்ச்சிங். இங்கதான் எங்கப்பா வர்றார்.

பையன் அதை விளக்க ஆரம்பிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஒரு ரேஸ், திரும்ப மிதிச்சு சின்ன கியர், திரும்ப விடு. இந்தத் தாளத்தை நான் நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே காதால கேட்டிருக்கேன். அப்பா லாரி டிரைவர். ஊரு சங்ககிரி.

கொசுவத்தி சுத்திக்கறேன். 1991, முழுப் பரிட்சை லீவு. அப்பாவோட மைசூருக்கு லோடு லாரியில போறேன். பவானி, சத்தி, பண்ணாரி, அப்புறம் திம்பம் மலை. 27 கொண்டை ஊசி வளைவு. லேலண்டு வண்டி. இன்னிக்கு நம்ம கார்கள்ல கியர் பாக்ஸுக்குள்ள பித்தளை வளையங்கள் இருந்து, ரெண்டு பல் சக்கரமும் கூடறதுக்கு முன்னாடி வேகத்தை ஒண்ணாக்கிக் குடுத்துடும். அப்பா ஓட்டின பழைய வண்டிகள்ல அந்த உபகாரம் கிடையாது. வேகத்தை டிரைவர்தான் காலாலயும் காதாலயும் சேத்து வைக்கணும். கிளட்ச்சை மிதிச்சுட்டு ரேஸ் குடுத்தா இன்ஜின் மட்டும்தான் சுத்தும், கியர் பாக்ஸ் உள்ள இருக்கிற தண்டுக்கு அது போய்ச் சேராது. அதனாலதான் நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டு ரேஸ் குடுக்கிறது. இந்த விளக்கம் அப்பாவுக்குத் தெரியாது. ஆனா அவர் போட்டா கியர் "டக்"னு விழும். மத்தவங்க போட்டா பல்லு அரைபடற சத்தம் கேக்கும்.

திரும்பி வரும்போது, மலை உச்சியில, இறங்கறதுக்கு முன்னாடி வண்டியை நிறுத்துவார். கிளீனர் அண்ணன் இறங்கி இரும்புக் கம்பியால ஒவ்வொரு டயரா தட்டிப் பாப்பார். அப்பா செருப்பைக் கழட்டி சீட்டுக்கடியில தள்ளிட்டு, வெறுங்காலோட கியரைப் போடுவார். வெறுங்கால் ஏன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, "செருப்புப் போட்டுட்டு பெடலு மிதிக்கறது உறை போட்ட கையில சோறு திங்கற மாதிரி கண்ணு"ன்னார். ரெண்டாவது கியர்ல ஆரம்பிச்சா பண்ணாரி வர்ற வரைக்கும் பெரிய கியருக்கு மாத்தவே மாட்டார். "ஏறின கியர்லயேதான் எறங்கோணும்." நடுவுல நியூட்ரலுக்கு வந்து, அடுத்த கியர் விழாமப் போச்சுன்னா, பத்து டன் பாரத்தோட பிரேக்கை மட்டும் நம்பி உருளணும். பிரேக் சூடாகி பிடிக்காமப் போனா அப்புறம் பண்ணாரி அம்மன்தான். கீழ வந்ததும் அந்த அம்மனுக்குச் சூடம் கொளுத்தாத டிரைவரை நான் பாத்ததில்ல.

பயிற்சி முடிஞ்ச அடுத்த வாரம் சங்ககிரி போனப்ப, அப்பாகிட்ட ஹீல் அண்ட் டோ பத்திப் பெருமையா விளக்கினேன். அவருக்கு இப்ப 72 வயசு. திண்ணையில உக்காந்து பொறுமையாக் கேட்டார்.

"பிரேக்கும் கியரும் ஒரே நேரத்துலயா?"

"ஆமாங்கப்பா."

"அப்ப முன்னாடியே யோசிக்கலேன்னு அர்த்தம்."

நான் ரேஸ்ல லேட்டா பிரேக் அடிச்சாத்தான் நேரம் மிச்சமாகும்னு சொல்ல, "அர விநாடி முன்னாடி போயி என்ன பண்டுவீங்க?"ன்னு கேட்டார். இதுக்கு மைக்கேல் ஷூமேக்கராலயே பதில் சொல்ல முடியாது. எனக்குத் தோணறது என்னன்னா, அப்பாவோட கால் வித்தை எதுவும் நடக்காம இருக்கறதுக்காக. என்னோடது ஏதாவது நடக்கட்டுமேங்கறதுக்காக. அசைவு ஒண்ணுதான்.

அன்னிக்குச் சாயங்காலம் அவரோட மாருதி 800ல டீ குடிக்கப் போனோம். அவர் ஓட்டினார். வாரத்துக்கு நாலு தடவை சந்தைக்கும் கோயிலுக்கும் அவர்தான் ஓட்டிட்டுப் போறது. நான் பக்கத்து சீட்.

ஒரு விசயம் சொல்லணும். நாலு மாசம் பாதத்தையே நினைச்சுட்டு இருந்தா, யார் கார்ல ஏறினாலும் கண்ணு கீழதான் போகும். வியாதி மாதிரி. டாக்ஸில ஏறினாலும் டிரைவர் கால். அப்படித்தான் அப்பா காலைப் பாத்தேன். ஸ்பீட் பிரேக்கர் வந்துச்சு. அப்பா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தார். எடுத்து... ஒரு பார்வை கீழ பாத்தார். பாத்துட்டுத்தான் பிரேக் மேல வெச்சார்.

அரை விநாடிகூட இருக்காது. ஆனா முப்பத்தஞ்சு வருசம் லாரி ஓட்டின ஆளு பெடலைக் குனிஞ்சு பாக்குறது, சமையல்காரம்மா உப்பு டப்பா எங்கன்னு தேடற மாதிரி. கீழ பாக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. திரும்பி வரும்போதும் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் பாத்தார்.

அவருக்குச் சர்க்கரை வந்து 18 வருசமாச்சு. கால் மதமதன்னு இருக்குன்னு எப்பவாவது சொல்வார், பஞ்சு மேல நடக்கற மாதிரின்னு. வயசானா இருக்கறதுதானேன்னு அவரே முடிச்சுடுவார்.

காலையில சொன்னேன். "அப்பா, டிராக்ல எனக்கு ஒரு பயிற்சி குடுத்தாங்க. நீங்க பண்ணுங்க, பாக்கணும். உங்க காலு மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு." மறைச்சுப் பேசத் தோணல. அவரும் கோவப்படல. "போட்டியாடா?"ன்னு சிரிச்சுட்டே சாவியை எடுத்தார்.

ரிக் வண்டிங்க நிறுத்தற காலி மைதானம். ஒரு கல்லு வெச்சேன். 25ல வந்து, கல்லுக்குப் பக்கத்துல, தலை ஆடாம ஒரே அழுத்தத்துல நிறுத்தணும். பொறந்த குழந்தையைத் தொட்டில்ல கிடத்தற மாதிரி லாரியை நிறுத்தின மனுசன். மொத தடவை கல்லைத் தாண்டி ரெண்டு வண்டி நீளம் போய் நின்னுச்சு. ரெண்டாவது தடவை நடுவழியிலயே அடிச்சு நிறுத்திட்டார், ரெண்டு பேர் தலையும் முன்னாடி போய்ட்டு வந்துச்சு. "வண்டி பழசு"ன்னார்.

மூணாவது தடவை கல்லுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சார். வண்டி மெதுவாக, இன்ஜின் "வ்ரூம்"னு அலறிச்சு. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வண்டி நின்னுச்சு. இன்ஜின் இன்னும் அலறிட்டே இருக்கு. அப்பா என்னைப் பாத்தார்.

"நீயா ரேஸ் குடுத்த?"

பக்கத்து சீட்ல இருக்கறவன் எப்படி ரேஸ் குடுக்க முடியும்? அவருக்கே அது தெரியும். காது நல்லாத்தான் இருக்கு அவருக்கு, இன்ஜின் 4000ல சுத்துதுன்னு காது சொல்லுது. கால் ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு பாத்தார். நானும் பாத்தேன். பாதத்தோட உள்பக்கம் பிரேக் மேல, வெளி ஓரம் ஆக்சிலரேட்டர் மேல. நான் அலுமினியத் தகடு வெச்சு, கேன்வாஸ் ஷூ வாங்கி, நாலு மாசமா முக்கி முக்கி வர வைக்கப் பாத்தது எதுவோ அதே. அச்சு அசலா.

அப்பா கையால தொடையைப் பிடிச்சு காலைத் தூக்கி எடுத்தார். இன்ஜினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங் மேலயே கை இருந்தது. அப்புறம், "வெயில் ஏறுது. நீ ஓட்டு"ன்னு இறங்கி இந்தப் பக்கம் வந்தார்.

அந்த வாரமே டாக்டர்கிட்ட போனோம். ஒரு சோதனை பண்ணினாங்க. பேனா மாதிரி ஒரு பிடி, முனையில ஒரு நைலான் இழை. அதை உள்ளங்கால்ல வெச்சு அழுத்தினா, சரியா 10 கிராம் அழுத்தத்துல வளையும். கண்ணை மூடிட்டு, படும்போதெல்லாம் "ஆமா" சொல்லணும். இடது கால்ல பாதி இடத்துல சொன்னார். வலது பாதத்துல ரெண்டே இடம். மத்த இடத்துல டாக்டர் அழுத்திட்டே இருக்கார், அப்பா கண்ணை மூடி பவ்யமாக் காத்துட்டு இருக்கார், எப்ப ஆரம்பிப்பாங்கன்னு. நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்துட்டு இருந்தேன். பல வருசச் சர்க்கரை கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடுமாம். நுனியிலதான் ஆரம்பிக்கும், விரல்ல இருந்து மேல ஏறும். டாக்டர் ரெண்டு விசயம் சொன்னார். இனிமே வண்டி ஓட்டக் கூடாது. இனிமே வெறுங்கால்ல ஒரு அடிகூட நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளயும். ரெண்டாவதைக் கேட்டுத்தான் அப்பாவுக்குக் கோவம் வந்துச்சு.

800ஐ விக்க வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி வெக்கிறான். அப்பா திண்ணையில இருந்தே, "சோக்கு இழுத்தியா, ஏன் இருமுது?"ன்னு கேக்கறாராம்.

போன மாசம் அப்பா அம்மாவைப் பண்ணாரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மா கும்பிட்டுட்டு நிழல்ல உக்காந்துட்டாங்க. அப்பா மலையைப் பாத்தாரு. "ஒரு நட போயிட்டு வரலாமா?" எஸ்டீம்ல ரெண்டு பேரும் திம்பம் ஏறி இறங்கினோம். ரோட்ல ரேஸ் வேலை எதுவும் காட்டல நான், 20, 30ல தான் போறது. ஆனா மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கும்போதெல்லாம் டபுள் கிளட்ச் போட்டேன், தேவையே இல்லாட்டியும். அப்பா ஜன்னல் பக்கம் பாத்துட்டு வந்தார். கொஞ்ச நேரத்துல,

"ரேஸு கம்மி."

அடுத்த வளைவு. "இப்ப ஜாஸ்தி."

அதுக்கடுத்த வளைவுல ஒண்ணும் சொல்லல. கியர் டக்னு விழுந்துச்சு. அவரோட இடது கை மட்டும் மடியில, கியர் ராடு இருக்கிற மாதிரி லேசா கீழ அமுங்கிச்சு. அவருக்குத் தெரிஞ்சு செஞ்சதா தெரியல. நான் கேக்கல.

கீழ செக்போஸ்ட் தாண்டினதும் ஓரமா ஒரு புது கார் நின்னுட்டு இருந்தது. முன் சக்கரத்துல இருந்து புகை. பிரேக் கருகின வாடை நம்ம வண்டிக்குள்ள வரைக்கும் வருது. ஒரு இளவட்டம், பக்கத்துல பொண்டாட்டி, கையில குழந்தை. தண்ணி பாட்டிலைத் திறந்து சக்கரத்து மேல ஊத்தப் போறார்.

"நிறுத்து கண்ணு, நிறுத்து."

நான் வண்டியை ஓரம் கட்டறதுக்குள்ள அப்பா கதவைத் திறந்துட்டார். எம்.சி.ஆர் செருப்பு, சாக்ஸ், எல்லாம் டாக்டர் சொன்னபடி. காலை எடுத்து வெச்சு, தரையைக் கண்ணால பாத்து நிதானிச்சு இறங்கி, அந்தப் பையனைப் பாத்து நடந்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க தம்பி, சூடா இருக்கறப்ப ஊத்துனா டிஸ்க்கு கோணிக்கும். சித்த நேரம் சும்மா உடுங்க, தானா ஆறட்டும். எந்த கியர்ல எறக்குனீங்க?"

"ஆட்டோமேடிக்ங்க ஐயா."

அப்பா என்னைத் திரும்பிப் பாத்தார். கியர் ராடு பக்கத்துல எல்-னு ஒண்ணு இருக்கும், இல்லாட்டி மேனுவல் மோடு இருக்கும், அதுல போட்டு இறக்கச் சொல்லலாம்னு நான் விளக்கினேன். அப்பா அதைக் கவனமாக் கேட்டுக்கிட்டு, அந்தப் பையன்கிட்ட மொதல்ல இருந்து அவரே இன்னொரு தடவை சொன்னார். குழந்தை அவர் சாக்ஸையே பாத்துட்டு இருந்துச்சு. அரை மணி நேரம் அங்கயே நின்னோம்.